ஈகோ வேனில் இருபது நாள்: பணத்தை எதில் போடலாம்?

கேள்வி: கணவருக்கு வயது 61, எனக்கு 56. எங்களிடம் ஏழு வருடப் பழைய ஐந்து சீட் மாருதி ஈகோ இருக்கிறது; பெட்ரோல் வண்டி. அதிலேயே படுத்துக்கொண்டு சேலத்திலிருந்து ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி போய், தென்காசி, தேனி வழியாகத் திரும்ப ஆசை. இருபது நாள். வண்டி வேலைக்கும் பயணத்துக்கும் சேர்த்து 80,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு கட்டில், சிங்க், ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் எல்லாம் வைக்க ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். கணவர் ஏசி இல்லாமல் தூங்கமாட்டார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
- வாசகி, சேலம்

பதில்: சகோதரி, மெக்கானிக் கொடுத்த பட்டியலில் காற்றுக்கு ஒரு பொருள்கூட இல்லை. நம் ஊரில் வேன் பயணம் போகும் தம்பதிகள் பாதியில் திரும்புவது சிங்க் இல்லாததால் அல்ல. புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் இரண்டு ராத்திரி தூங்காததால்தான். ஆகவே முதல் காசு காற்றுக்கும் கொசுவலைக்கும். அடுத்தது படுக்கை. சிங்க், ஃபிரிட்ஜ், சோலார் மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஏசியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். ராத்திரி முழுவதும் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஈகோவில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது என்பதால் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். செலவும் கொஞ்சமல்ல. நின்ற இடத்தில் ஏசியோடு ஓடினால் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு 600 முதல் 800 ரூபாய். அதே காசுக்குச் சின்ன ஊர் லாட்ஜில் ரூமே கிடைக்கும்.

ஏசிக்குப் பதில் மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பொங்கல் கழிந்த பிறகு தொடங்கி பிப்ரவரி முடிவதற்குள் போய்வாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ராத்திரிச் சூடும் குறைவு. கார்த்திகை தொடங்கி மகர விளக்கு வரை சபரிமலைக் கூட்டத்தில் கன்னியாகுமரி, குற்றாலம் பக்கம் பார்க்கிங்கும் குளியலறையும் கிடைப்பது பெரும்பாடு. தைப்பூசத்தை ஒட்டி நாலைந்து நாள் திருச்செந்தூர்ப் பக்கம் போகாதீர்கள்.

இன்ஜின் சூடு வண்டியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் மேலே வரும். ஐந்து, ஐந்தரைக்குள் நிறுத்தி எல்லாக் கதவுகளையும் ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். தலை பின்கதவுப் பக்கம், கால் முன் சீட்டுப் பக்கம் இருக்கட்டும். 12 வோல்ட் ஃபேன் இரண்டு வேண்டும். ஒன்று ஜன்னலோரம் நின்று உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள, இன்னொன்று உங்கள் மேல் வீச. இரண்டையும் உள்ளேயே சுழலவிட்டால் அதே வெக்கைதான் சுற்றிச் சுற்றி வரும். முன் கதவுக் கண்ணாடிகளை இரண்டு அங்குலம் இறக்கி, காந்தப் பட்டை தைத்த கொசுவலையை வெளிப்பக்கம் மாட்டுங்கள். கதவுக்கு மேல் மழைத்தடுப்பு வைசர் வைத்துவிட்டால் தூறலிலும் கண்ணாடியை ஏற்ற வேண்டாம். ஏற்றினால் இருவர் மூச்சிலிருந்து வரும் ஈரம் கண்ணாடியில் முத்துக் கோத்து, காலையில் மெத்தை ஓரம் நனைந்திருக்கும். மூடிய வண்டிக்குள் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தவே வேண்டாம். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முதல் தடை இருக்கிறது. அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டை ஜன்னல் அளவுக்கு வெட்டி, நிற்கும்போது மட்டும் செருகிக்கொள்ளுங்கள். வெயிலும் தடுக்கும், மறைவும் கிடைக்கும்.

அடுத்து சீட். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் ஐந்து சீட் என்று இருக்கிறது. அதை மாற்றும்படி சீட்டைக் கழற்றிவிட்டு கட்டிலை போல்ட் போட்டு இறுக்கினால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அது வண்டியை மாற்றி அமைத்ததாகும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்க அதுவே போதும். பின் சீட்டின் முதுகு மடங்குமா, மடக்கினால் எவ்வளவு நீளம் வருகிறது என்று முதலில் பாருங்கள். மடங்காது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் கட்டில் கையால் தூக்கி வெளியே வைக்கும்படி இருக்க வேண்டும். ஊர் திரும்பியதும் வண்டி மறுபடி வீட்டு வண்டியாகிவிடும்.

ஓர் அங்குல ஸ்கொயர் டியூபில் சட்டம், அதன்மேல் 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் மூன்று துண்டாக. ஒரே பலகையாக வெட்டினால் கதவு வழியாக நுழையாது. கீழே இருக்கும் சாமானை எடுக்கவும் முடியாது. எட்டுக்கு நாலு அடி முழு ஷீட் 12 மி.மீ.-லேயே ஏறக்குறைய 24 கிலோ வரும் என்பதால் 18 மி.மீ. போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவெடுக்கும்போது பின்கதவு மூடியிருக்கட்டும். திறந்து வைத்து அளந்து, பிறகு கதவு சாத்தாமல் பலகையை அறுக்கும் கதை நிறைய நடக்கிறது. உயரத்துக்கு ஒரு வழி: கணவரை வேனுக்குள் தரையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் கூரை வரை எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அந்த மிச்சத்துக்குள்தான் கட்டிலும் மெத்தையும் சேர்ந்து அடங்க வேண்டும். மீறினால் சட்டை மாட்டக்கூட படுத்தபடிதான். மூன்றங்குல கெட்டி ஃபோம், மூன்றாக மடிக்கும் மெத்தை போதும்.

கரண்ட் கணக்கு எளிது. 10 வாட் ஃபேன் இரண்டு, ஒன்பது மணி நேரம்: 180 வாட்-அவர். ஒரு விளக்கு, இரண்டு போன் சேர்த்து இன்னொரு 60. ஆக ராத்திரிக்கு 240. 12.8 வோல்ட், 50 ஆம்ப்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 640 இருக்கும். ஓட்டாமல் இரண்டு ராத்திரி தாராளம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கி வைக்காதீர்கள். எடை அதிகம், ஆசிட் வாயு வேறு. வண்டி ஓடும்போது லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற 10 அல்லது 12 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் வாங்குங்கள். இரண்டு மணி நேர ஓட்டம் ஒரு ராத்திரிக்கு ஈடு. சார்ஜர் இல்லாமல் வண்டி பேட்டரியோடு நேரே ஒயர் இழுத்துக் கொடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். லித்தியம் பேட்டரி கிடைக்கிற கரண்டையெல்லாம் இழுக்கும், வண்டியில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும். ராத்திரி ஃபேன் ஓடி, காலையில் வண்டி ஸ்டார்ட்டும் ஆகாது. ஒயர் 4 சதுர மி.மீ. இருக்கட்டும். பேட்டரி மூன்று மீட்டர் தள்ளி இருந்து, 1.5 ஒயர் போட்டால், போய்வரும் வழியிலேயே 0.9 வோல்ட் வரை இழந்துவிடும்; சார்ஜர் விட்டுவிட்டு வேலை செய்யும். வண்டி பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்ப் ஃபியூஸ் கட்டாயம். புதுப் பேட்டரியை முன் சீட்டுப் பக்கம் வைக்காமல் பின்னால் வையுங்கள். சூடு அதற்கும் ஆகாது.

சோலாரை ஏன் அடித்தோம் என்றால், நீங்கள் பகலெல்லாம் வண்டிக்கு நிழல் தேடப் போகிறீர்கள். பேனலுக்கோ வெயில் வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பதிலாகத் தினம் கால் லிட்டர் தயிர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையலை டீ, காலைக் கஞ்சி, எப்போதாவது ஒரு சாதம் என்று சுருக்குங்கள். மதியச் சாப்பாட்டை மெஸ்ஸில் முடிப்பது நமக்கு வாய்த்த வசதி. வீட்டு மானிய சிலிண்டரை ஏற்றாதீர்கள், சட்டப்படி கூடாது. பெட்ரோல் பங்க்கிலும் ஏஜென்சியிலும் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் உண்டு. தூக்கிய பின்கதவுக்கு அடியில், தரையில் அடுப்பை வைத்துச் சமையுங்கள். கேஸ் காற்றைவிட கனமானது; கசிந்தால் தரையோடு, அதாவது உங்கள் படுக்கையோடு தேங்கும். படுக்கும் முன் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுவிடுங்கள். தண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு, ஒன்று குடிக்க, ஒன்று கழுவ; கீழே, முன் சீட்டை ஒட்டி, பெல்ட் போட்டுக் கட்டி வையுங்கள். கூரைமேல் எதுவும் வேண்டாம். ஈகோ குறுகலும் உயரமுமான வண்டி. பாம்பன் பாலத்திலும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்திலும் பக்கக் காற்று அடித்தால் கூரைச் சுமைதான் வண்டியை ஆட்டும்.

கழிவறை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளக் காரணம் அதுதான், உடம்புக்கு அது ஆகவே ஆகாது. பகலில் பெட்ரோல் பங்க்கைக் கேளுங்கள். கழிவறை, காற்று, குடிநீர் மூன்றையும் அவர்கள் இலவசமாகத் தர வேண்டும். ராத்திரிக்கு இறுக்கமான மூடி உள்ள வாளி, தடித்த பை, இரண்டு கிலோ காய்ந்த கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்). ஒவ்வொரு முறையும் இரண்டு கை போட்டால் ஈரத்தை உறிஞ்சும், நாற்றம் வராது. முழங்கால் மடக்குவது கஷ்டமென்றால் மடக்கும் ஸ்டூல் கழிவறை வாங்குங்கள். குளிக்கக் கோயில் ஊர்களில் கட்டணக் குளியலறை உண்டு.

ராத்திரி நிறுத்த, 24 மணி நேர பெட்ரோல் பங்க் நல்லது; அங்கேயே எரிபொருள் போட்டு, மேலாளரிடம் கேட்டுவிட்டு, லாரி திரும்பும் இடத்தை விட்டுச் சுவரோரம் நில்லுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒருபோதும் வேண்டாம். தனுஷ்கோடியில் மாலைக்குப் பின் தங்க விடமாட்டார்கள். திரும்பும் வழியில் கொடைக்கானல் ஏற நினைத்தால் இ-பாஸ் வாங்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஐந்து நாளுக்கு ஒரு ராத்திரி லாட்ஜ் போடுங்கள்: துணி துவைக்க, நன்றாகக் குளிக்க, கணவர் ஏசியில் தூங்க, நீங்கள் தனியாகக் கொஞ்சம் காலாற நடக்க.

அந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல. நாலடி அகலத்தில் இருவர் ஒரே நேரத்தில் உடை மாற்றவும் பை தேடவும் முடியாது. சண்டை அங்கேதான் பிறக்கும். ஒருவர் உள்ளே என்றால் மற்றவர் வெளியே. அவர் வலை மாட்டும்போது நீங்கள் அடுப்படியில். ஆளுக்கு ஒரே ஒரு துணிப் பை, இடம் மாறவே கூடாது. டார்ச், சாவி, மருந்து மூன்றும் தலைமாட்டில் ஒரே பையில்.

எங்கள் கணக்கு: கட்டில், மெத்தை 12,000, பேட்டரி, சார்ஜர், ஃபேன், ஒயரிங் 20,000, வலை, மறைப்பு 3,000, அடுப்பு, கேன், வாளி 4,000. பயணத்துக்கு, சுற்றுவழி சேர்த்து 1,400 கி.மீ., லிட்டருக்கு 14 என்று வைத்து பெட்ரோல் 10,000, சாப்பாடு 10,000, நாலு ராத்திரி லாட்ஜ் 4,000, பார்க்கிங், குளியல், டோல் 4,000. ஆக 67,000. மிச்சம் 13,000-ஐ சர்வீசுக்கும் வழியில் வரும் ரிப்பேருக்கும் தொடாமல் வையுங்கள். ஃபேன் பெல்ட், கூலன்ட் ஹோஸ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. வண்டியோடு வந்த டயர்தான் இன்னும் என்றால், சேலத்திலேயே மாற்றிவிடுங்கள், லாட்ஜ் ராத்திரி ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

கிளம்பும் முன் வீட்டு வாசலில் ஒரு ராத்திரி, பிறகு ஊருக்கு வெளியே தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். பாதியில் எழுந்து எதையெல்லாம் தேடினீர்கள் என்று காலையில் எழுதி வைத்து, அதன் பிறகு மெக்கானிக்கிடம் போங்கள்.