எதை எழுதினாலும் வேறு யாரோ எழுதியது மாதிரியே இருக்கிறது. எனக்கே உரியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறரைப் பார்த்து எழுதுவதில் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். நமக்குத் தோன்றாததைத் தோன்றியதுபோல் எழுதும்போதுதான் சிக்கல்.

ஒருமுறை மழையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ‘வானம் அழுதது’ என்று முதல் வரி வந்து விழுந்தது. வானம் அழுததாக எனக்கு என்றைக்குமே தோன்றியதில்லை! அன்று மனதில் நின்றது, நனைந்த காலுறையைக் கழற்றியபோது கணுக்காலில் பதிந்திருந்த கோடுகள். அடித்துவிட்டு அதை எழுதினேன். கவிதை சுமார்தான். ஆனால் அந்த வரி என்னுடையது.

உளவியலாளர் தெரசா அமபில் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எழுத்தில் ஈடுபாடுள்ள 72 பேர் கவிதை எழுதினார்கள். இரண்டாவது கவிதைக்கு முன் ஒரு பிரிவினர், பணம், புகழ் மாதிரி வெளிக் காரணங்களை வரிசைப்படுத்தினார்கள். இன்னொரு பிரிவினர், எழுதுவதில் கிடைக்கும் இன்பம் சார்ந்த காரணங்களை. கவிஞர்கள் மதிப்பிட்டபோது, முதல் பிரிவினரின் கவிதைகளில் படைப்பாற்றல் குறைந்திருந்தது. சில நிமிடம் யோசித்ததற்கே இந்தக் கதி. லைக் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே எழுதினால்?

அதனால் யாருக்கும் காட்டாத நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அசடு வழியலாம், பாதியில் நிறுத்தலாம். திருத்தும்போது மட்டும் ஒவ்வொரு வரியையும் கேளுங்கள்: இது எனக்குத் தோன்றியதா, தோன்றினால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததா?

இன்னொன்று. ‘நான் இப்படித்தான்’ என்று விமர்சனத்தைத் தட்டிக்கழிப்பது வேறு சமாச்சாரம், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.