.308 கூடு சைஸிங் டைக்குள் மாட்டிக்கொண்டால்

லானோலின்-ஆல்கஹால் ஸ்ப்ரே பூசி ஏற்றிய .308 துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு, அதைப் பழைய அளவுக்கு அழுத்தும் சைஸிங் டைக்குள் மாட்டி, விளிம்பும் பிய்ந்துவிட்டது என்கிறீர்கள். மேலிருந்து சுத்தியலால் தட்டாதீர்கள், டீகேப்பிங் கம்பிதான் (கூட்டின் அடியிலுள்ள பற்றவைப்பு மூடியான பிரைமரைத் தள்ளி எடுக்கும், ஊசி உள்ள கம்பி) வளையும். விளிம்பு பிய்ந்துவிட்டதால் ஷெல் ஹோல்டருக்கு (பிரஸ்ஸில் கூட்டின் விளிம்பைப் பிடிக்கும் பகுதி) இனிப் பிடிமானம் இல்லை. துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டால் இழுக்க வேண்டும். டை வீணாகாது.

1. டீகேப்பிங் கம்பியை முடிந்த அளவு மேலே ஏற்றுங்கள். இதை விட்டால் டிரில் பிட் ஊசியில் மோதும்.
2. டையை வைஸில் தலைகீழாகப் பிடித்து, பிரைமர் குழி வழியே 7-ஆம் எண் பிட்டால் (5.1 மி.மீ.) துளையிடுங்கள். அடித்தடிமனைத் தாண்டியதும் நிறுத்துங்கள்.
3. எண்ணெய் விட்டு 1/4-20 டேப்பால் (உள்மரை வெட்டும் கருவி) மரை வெட்டுங்கள்.
4. கூட்டைவிட அகலமான சாக்கெட்டை டை வாயில் நிறுத்தி, மேலே வாஷர் வைத்து போல்ட்டை முறுக்குங்கள். கூடு மெல்ல ஏறி வரும்.

கூடு மாட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் லூப் (மசகு). நீங்கள் சொன்ன லானோலின்-ஆல்கஹால் ஸ்ப்ரேயில் வழுக்குவது லானோலின்தான். ஆல்கஹால் ஆவியாகும் முன் பிரஸ்ஸில் ஏற்றினால் பித்தளை பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் காய விடுங்கள். கழுத்தின் உள்ளேயும் கொஞ்சம் படட்டும், இல்லையென்றால் எக்ஸ்பாண்டர் குண்டு (கழுத்தின் உள்ளளவைச் சரிசெய்யும் உருண்டை) இறுகும். அதற்காக அள்ளிப் பூசினால் தோளில் குழி விழும்.

டையைக் கழுவியபின் உள்சுவரில் பித்தளைக் கீற்று ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்த கூட்டுக்கு விரலால் சைஸிங் மெழுகு தடவி, பாதி ஏற்றி இறக்குங்கள். நெம்புகோல் கனத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இத்தனையும் வெடித்த பிரைமர் உள்ள கூட்டுக்கு மட்டும். வெடிக்காத பிரைமர் என்றால் டிரில்லைத் தொடவே வேண்டாம், எண்ணெயில் ஊறப்போட்டாலும் நம்பாதீர்கள். டை தயாரிப்பாளரைக் கேளுங்கள்.