‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’: எந்த எழுத்து பெரிது?

கேள்வி: ஆங்கில விண்ணப்பங்களின் முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்னும் இரண்டு சொற்களையுமே நான் கேப்பிட்டல் எழுத்தில் தொடங்குவது வழக்கம். இரண்டாவது சொல்லுக்குச் சிறிய எழுத்துதான் வர வேண்டும் என்கிறாள் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள். எது சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. ‘யுவர்ஸ்’ என்பதன் ஒய் மட்டுமே பெரியது. அடுத்து வரும் எஃப் சிறியது. அதன்பின் ஒரு காற்புள்ளி. ‘யுவர்ஸ் சின்சியர்லி’, ‘வித் பெஸ்ட் ரிகார்ட்ஸ்’ ஆகியவற்றுக்கும் இதுவே விதி. பழைய ஆங்கிலக் கடிதங்களில் இந்த முடிப்பு தனித் தொடராக நிற்கவில்லை. ‘ஐ ரிமெய்ன், சர், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று நீளும் ஒரு வாக்கியத்தின் வாலாகவே இருந்தது. எழுதியவரின் பெயரோடுதான் அந்த வாக்கியம் முடியும். முன்பகுதி உதிர்ந்து வால் மட்டும் தனி வரியில் மிஞ்சியதால், வரியின் முதல் எழுத்துக்கு மட்டும் பெரிய எழுத்து கிடைத்தது. ‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன் அப்பாஸ்ட்ரஃபி போடுவது நம் ஊர் விண்ணப்பங்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. அங்கே அதற்கு வேலையே இல்லை.

கடிதத் தொடக்கத்தில் நிலைமை வேறு. ‘டியர் சர்’ என்பதில் இரண்டு சொற்களுக்கும் பெரிய எழுத்து உண்டு, ஏனெனில் ‘சர்’ அங்கே பெயருக்குப் பதிலாக நிற்கும் விளி. அதுவே ‘மை டியர் சர்’ என்றானால் நடுவில் உள்ள ‘டியர்’ சிறிய எழுத்துக்கு இறங்கிவிடும்.

கடிதத்தின் உள்ளே நம்மவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மரியாதையால்தான். மேனேஜர், பிரின்சிபல், மதர் போன்ற சொற்களைச் சிறிய எழுத்தில் எழுதினால் அவமதிப்பாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். தமிழில் மரியாதையை ‘அவர்கள்’ சுமக்கிறது; ஆங்கிலத்தில் அந்தச் சுமையைக் கேப்பிட்டல் எழுத்தின் மேல் ஏற்றக் கூடாது. அந்தச் சொல் பெயராக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். விடுப்புக் கடிதத்தில் ‘மை மதர் இஸ் அன்வெல்’ என்று எழுதினால் எம் சிறியது, ஏனெனில் ‘மை’ முன்னால் வந்து அதைப் பொதுச்சொல்லாக்கிவிட்டது. ‘மை’ இல்லாமல், அம்மாவை அழைக்கும் பெயராகவே ‘மதர்’ என்று எழுதினால் எம் பெரியது.

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பொதுப்பெயர்களையும் பெரிய எழுத்தில் தொடங்கும் பழக்கம் பரவலாக இருந்தது. 1787இல் கையால் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் மூலப்படியில் அதை இன்றும் காணலாம். ஜெர்மன் மொழி அந்த வழக்கத்தை விடவில்லை, ஆங்கிலம் விட்டுவிட்டது.

கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களுக்குப் பெரிய எழுத்து கட்டாயம், பருவங்களுக்கு இல்லை. ஆகவே ‘மே’ பெரியது, ‘சம்மர்’ சிறியது. பாடங்களிலும் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும், மேத்தமேட்டிக்ஸ் சிறிய எழுத்தில்.