எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் செல்போன் டவர் வருவதை எதிர்ப்பது சரியா? எதைச் சொல்லி எதிர்ப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: அடுத்த கட்டடத்துக்காரர் மொட்டை மாடியை டவருக்கு வாடகைக்கு விடப் போகிறார், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து மனு எழுதுகிறார்கள், மனுவில் புற்றுநோய் வரும் என்பதுதான் முதல் வரி, அதில் கையெழுத்துப் போடலாமா என்று இவருக்குக் குழப்பம்.

எதிர்க்கலாம், தாராளமாக. ஆனால் அந்த முதல் வரி இருக்கிற மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கொஞ்ச காலம் நெட்வொர்க் பிளானிங் வேலை பார்த்தவன் நான், அதாவது டவர் எங்கே தேவை என்று வரைபடத்தில் வட்டம் போடுகிற ஆள். பிற்பாடு நான் குடியிருந்த இடத்துக்கு எதிரிலேயே ஒரு டவர் வந்தபோது குடியிருப்போர் கூட்டத்தில் மறுபக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் என்னென்ன கதை விடுவார்கள் என்று ஓரளவு தெரியும்.

முதலில் கதிர்வீச்சு. செல்போன் டவர் அனுப்புகிற 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் இருக்கிற ஆற்றல், டிஎன்ஏ மாதிரியான மூலக்கூறின் பிணைப்பை உடைக்கத் தேவையானதில் சுமாராகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எக்ஸ்ரேயோடு இதை ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது அதனால்தான் தப்பு. இந்த அலைகள் செய்யக்கூடியது என்று உறுதியாகத் தெரிந்தது சூடாக்குவது ஒன்றுதான், உலக அளவில் வைத்திருக்கிற வரம்புகளும் அந்தச் சூட்டை வைத்துத்தான், அதிலும் பாதிப்பு தொடங்கும் அளவில் 50ல் ஒரு பங்குக்குத்தான் பொதுமக்களுக்கு அனுமதி.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆன்டெனாவுக்கு 40 வாட் போகிறது, அது எல்லாப் பக்கமும் சிதறாமல் முன்பக்கமாக ஐம்பது மடங்கு குவித்து அனுப்புகிறது என்று வையுங்கள். நேர் எதிரே 100 மீட்டர் தூரத்தில், நடுவில் சுவரே இல்லாவிட்டாலும், ஒரு சதுர மீட்டருக்கு 0.016 வாட் வரும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு சர்வதேச வரம்பு 4.5 வாட். இந்தியா 2012ல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து 0.45 ஆக்கியது. அந்தக் கடுமையான வரம்பை வைத்துப் பார்த்தாலும் இருபத்தெட்டில் ஒரு பங்குதான். நாலைந்து அலைவரிசை சேர்ந்து வந்தால் கூடும், அப்போதும் வரம்புக்குள்தான் இருக்கும்.

டவருக்கு நேர் கீழே இருப்பவர்கள்தான் அதிகம் பயப்படுவார்கள். விளக்கடியில் இருட்டு என்பது இங்கே அப்படியே பொருந்தும், ஆன்டெனாவின் முதன்மைக் கற்றை கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, சில டிகிரி மட்டும் கீழே சாய்ந்து போகிறது, தரையைத் தொடுவதற்குள் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் தாண்டிவிடும்.

ஆனால் இதே கணக்கை 10 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் பத்தில் ஒன்றானால் அளவு நூறு மடங்கு, அதாவது தோராயமாக 1.6 வாட். இந்திய வரம்பைத் தாண்டிவிட்டது! ஆன்டெனா இருக்கிற அதே உயரத்தில், அதற்கு நேர் எதிரே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உங்கள் ஜன்னலோ மாடியோ இருந்தால் உங்கள் கவலை நூற்றுக்கு நூறு நியாயம். இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 2013 வழிகாட்டுதலிலேயே ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35 மீட்டர் வரை நேர் எதிரே அதே உயரத்தில் கட்டடம் இருக்கக் கூடாது என்று இருக்கிறது. கதிர்வீச்சைப் பேசியே ஆக வேண்டும் என்றால் இதைப் பேசுங்கள். எந்த செக்டர், அதாவது ஒரு பக்கத்துக்கான ஆன்டெனா, எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு டில்ட், அதாவது கீழ்ச்சாய்வு, என் மாடிக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டால் எதிரில் இருக்கிற இன்ஜினியர் நிமிர்ந்து உட்காருவார். புற்றுநோய் என்றால் தயாராக வைத்திருக்கிற காகிதத்தை நீட்டிவிட்டுப் போய்விடுவார்.

2011ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை ‘2பி’ பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது உண்மைதான். எல்லா மனுவிலும் அது இருக்கும். அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாக இருந்தது போனைக் காதில் வைத்துப் பேசுகிறவர்களைப் பற்றிய ஆய்வுகள், டவர் அல்ல. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. 2024ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட ஆய்வுத் தொகுப்பில் போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றே வந்தது.

யாரும் யோசிக்காத ஒன்று: டவர் தூரமாகப் போகப் போக உங்கள் போன் அதிக சக்தியில் கத்த வேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் வரை போகும், சிக்னல் நன்றாக இருந்தால் அதில் மிகச் சிறு பகுதியே போதும். போன் இருப்பது காதில், டவர் இருப்பது நூறு மீட்டருக்கு அப்பால். டவரை விரட்டிவிட்டு ஒற்றைக் கோடு சிக்னலில் மணிக்கணக்காகப் பேசுகிறவர் தன் தலைக்குப் போகும் அலையைக் கூட்டிக்கொள்கிறார், குறைக்கவில்லை.

தலைவலி, தூக்கமின்மை என்று சொல்கிறவர்களைக் கிண்டல் செய்ய மாட்டேன், அவர்களுக்கு வலிப்பது நிஜம். ஆனால் அலை வருகிறதா இல்லையா என்று சொல்லாமல் நடத்திய சோதனைகளில் அவர்களால் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை, வருகிறது என்று நம்ப வைத்தாலே தொந்தரவு தொடங்கியது. சிட்டுக்குருவியையும் இழுப்பார்கள். லண்டன் போன்ற நகரங்களில் குதிரை வண்டி போய் மோட்டார் வந்த 1920களிலேயே குருவி குறையத் தொடங்கிவிட்டது, அப்போது ஏது செல்போன்.

சரி, அப்புறம் எதை வைத்துத்தான் எதிர்ப்பது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நாங்கள் வரைபடத்தில் போடுகிற வட்டத்துக்கு சர்ச் ரிங் என்று பெயர். அந்த வட்டத்துக்குள் எங்கே வந்தாலும் பெரும்பாலும் வேலை நடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு இடம் பிடிக்கிற ஆட்கள் வீடு வீடாகப் போவார்கள், யார் முதலில் சம்மதிக்கிறாரோ, யாருடைய பத்திரம் ஒழுங்காக இருக்கிறதோ அவர் மாடி. ‘இந்த இடத்தைத் தவிர வேறு இடமே சரிவராது, டெக்னிக்கல் காரணம்’ என்று உங்களிடம் சொன்னால், பத்தில் எட்டு தடவை அது டெக்னிக்கல் காரணம் கிடையாது, லீஸ் பேசி முடித்த களைப்பு. எனவே வட்டத்துக்குள் இருக்கிற வேறு இரண்டு மூன்று இடங்களை, முக்கியமாக ஏற்கெனவே பக்கத்தில் நிற்கிற வேறு கம்பெனி டவரை நீங்களே காட்டுங்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதிய மனுவை விட ‘அங்கே வையுங்கள்’ என்று எழுதிய மனு வெகுதூரம் போகும்.

மக்களுக்கு உள்ளுக்குள் இருக்கிற கோபமும் கதிர்வீச்சு பற்றியது இல்லை என்பது என் எண்ணம். வாடகை ஒருவருக்கு, ஜெனரேட்டர் சத்தமும் புகையும் ஜன்னலைத் திறந்தால் இரும்புக் கம்பி தெரிவதும் மற்ற எல்லாருக்கும், நடுவில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பெரிய காரணமாக இருக்கட்டுமே என்று புற்றுநோயைக் கொண்டுவருகிறார்கள். கூச்சமே வேண்டாம். சட்டப்படிகூட அந்தப் பெரிய காரணம்தான் பலவீனமானது. அமெரிக்காவில் 1996 சட்டம், அலைகள் மத்திய வரம்புக்குள் இருக்கிறவரை அவற்றின் பாதிப்பைக் காரணம் காட்டி உள்ளாட்சிகள் டவரை மறுக்கவே கூடாது என்கிறது, சத்தம், தோற்றம், இடப் பொருத்தம் இதையெல்லாம் காட்டலாம்.

கேட்க வேண்டியதில் முதலாவது கட்டடம். பழைய மாடியில் பல டன் இரும்பு ஏறும்போது எடை மட்டுமில்லை, காற்று தள்ளுகிற விசையும் தூண்களில் இறங்கும். கட்டடத்தின் உறுதிச் சான்று யார் கொடுத்தார், அவர் மாடியைப் போய்ப் பார்த்தாரா, காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரி வைக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் சத்தம் அடக்கும் கூண்டும், புகைக்குழாய் எந்தப் பக்கம் என்பதும் எழுத்தில் வேண்டும். எங்கள் இடத்தில் டவர் வந்தேவிட்டது, ஆனால் நாங்கள் இதில் விடாப்பிடியாக நின்றதால் ஜெனரேட்டர் வரவில்லை, எனக்கு அதுவே பெரிய வெற்றி.

இன்னொன்று, கம்பெனிக்காரர்கள் தாமாகச் சொல்லவே மாட்டார்கள்: இன்று நீங்கள் பார்க்கிற வரைபடத்தில் இருக்கிற டவர் நாளைக்கு அதே டவர் இல்லை. ஒரு கம்பத்தில் நாலு கம்பெனி ஏறும், புது அலைவரிசை வரும், ஆன்டெனா மூன்று பன்னிரண்டாகும், ஒவ்வொரு தடவையும் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் டவர் வருவதற்கு முன் ஒரு அளவீடு, ஓடத் தொடங்கியபின் ஒன்று, பிறகு எதைக் கூட்டினாலும் ஒன்று, அதுவும் உங்கள் மாடியில் உங்கள் முன்னால் எடுக்க வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

இதெல்லாம் லீஸ் கையெழுத்தாவதற்கு முன்னால் நடந்தால்தான் உண்டு. கம்பி ஏறியபின் போராடினால் தேதி வாங்கிக்கொண்டு அலைவதுதான் மிச்சம். மனுவை ஒரு நாள் ஒத்திவைத்துவிட்டு, முதலில் அந்தக் கட்டடத்துக்காரரிடமே போய் எதுவரை பேசியிருக்கிறார் என்று கேளுங்கள். பல பேர் லீஸ் எத்தனை வருஷம், நடுவில் விலக முடியுமா என்றுகூடப் படிக்காமல்தான் சம்மதம் சொல்லியிருப்பார்கள்.