இசைத்தட்டுக்குப் பொருந்தும் பீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, பழைய ராக் இசைத்தட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை கேட்பது வழக்கம். அண்மைக்காலமாக ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமான கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகள் வடிக்கும் பீர்) ஒன்றையும் தேர்ந்தெடுக்கிறோம். சென்ற மாதம் பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம். கறுப்புக்குக் கறுப்பு என்று, பத்து சதவீத ஆல்கஹால் கொண்ட இம்பீரியல் ஸ்டவுட் என்ற கடுங்கறுப்பு பீரை ஊற்றினோம். இரண்டாம் பக்கத்தைப் போட்டபோது பாதிப் பேர் பாட்டுக் கேட்கும் நிலையில் இல்லை. இப்படிப் பொருத்தம் பார்ப்பதில் உண்மையிலேயே ஏதேனும் இருக்கிறதா, அல்லது இது வெறும் லேபிள் விளையாட்டா?

ர., பெங்களூரு

அன்புள்ள ர.,

இருக்கிறது. ஆனால் பத்துப் பொருத்தத்தில் நீங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் நிறம்.

பிளாக் சபாத் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் குழு. கித்தார் கலைஞர் டோனி அயோமி, தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பிகளை அழுத்த வேண்டியவை அந்த விரல்களேதாம். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தாமே தொப்பி செய்து விரல்களில் மாட்டிக்கொண்டு, அழுத்த எளிதான மெல்லிய கம்பிகளைக் கட்டி வாசித்தார். 1970 பிப்ரவரி 13 அன்று வெளியான அந்த ஆல்பத்தின் கனத்துக்குப் பின்னால் இருப்பது, பலரும் சொல்லும் சாத்தானைவிடத் தொழிற்சாலைதான் என்பது என் எண்ணம்.

அந்தத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வந்தவர்கள் குடித்தது ஸ்டவுட் அன்று, டார்க் மைல்ட் என்ற மென்மையான பீர். பார்வைக்குக் கருமை, வாயில் மால்ட்டின் (முளைகட்டிய தானியம்) மெல்லிய இனிப்பு, ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பு குறைவு, ஆல்கஹால் மூன்று, மூன்றரை சதவீதம். உலையருகே வியர்த்த மனிதன் தாகத்துக்கு இரண்டு மூன்று பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) குடித்துவிட்டு நிதானமாக வீடு போய்ச் சேர்வதற்கான பீர் அது. ஆஸ்டனிலேயே ஆன்செல்ஸ் பீர் ஆலை 1981 வரை இயங்கியது. முப்பத்தெட்டு நிமிட ஆல்பத்தை முழு நினைவோடு கேட்டு முடிக்க, கறுப்பும் கெடாமல், இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

நாக்கின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் சார்லஸ் ஸ்பென்ஸ் ஒலிக்கும் சுவைக்கும் உள்ள உறவை நெடுங்காலமாக ஆராய்பவர். மக்கள் உச்சஸ்தாயி ஒலிகளை இனிப்போடும் கீழ்ஸ்தாயி ஒலிகளைக் கசப்போடும் சேர்த்து உணர்கிறார்கள் என்று அவ்வகை ஆய்வுகள் காட்டுகின்றன. விளைவு மாயமன்று, சிறு சாய்வுதான். ஆனாலும் ஏற்கெனவே கருகல் கசப்பு மிகுந்த ஸ்டவுட்டின்மேல் அயோமியின் கீழ்ஸ்தாயிக் கித்தாரையும் ஏற்றினால், கசப்போடு கசப்பு சேர்கிறது.

உங்கள் ஸ்டவுட்டை வீணாக்க வேண்டாம். 1973இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அதற்கானது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அந்த பீரில் கருகல் மட்டுமே தெரியும். ஆளுக்கு 150 மில்லி போதும், ஊற்றிவிட்டுக் குளிர் தணியும்வரை காத்திருங்கள். முதல் பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம். பாடகியின் குரல் அடங்கி, ஊசியை எடுத்துத் தட்டைத் திருப்பும் நேரத்தில் கோப்பையின் வெளிப்புற ஈரம் காய்ந்திருக்கும். காப்பியும் சாக்லேட்டும் உலர்திராட்சையும் அப்போதுதான் மணக்கத் தொடங்கும். இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் 'மனி' பாட்டின் காசுச் சத்தத்தோடு கேட்பவர் குடிப்பது வேறொரு பீர்.

அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் 'அமெரிக்கன் பியூட்டி'க்கு, கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையின் பம்ப்ளிமாஸ் வாசனை உள்ள பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர். அக்குழு தோன்றிய 1965ஆம் ஆண்டில்தான், அதே வட்டாரமான சான் ஃபிரான்சிஸ்கோவில் நொடித்துக்கிடந்த ஆங்கர் பீர் ஆலையில் ஃபிரிட்ஸ் மேட்டாக் பங்கு வாங்கினார். 1975இல் அங்கே உருவான லிபர்ட்டி ஏல் அந்த ஹாப்ஸை முன்னிறுத்திய முன்னோடிகளில் ஒன்று. குழுவின் பெயர் ஒட்டிய புட்டிகளை நான் பொதுவாக நம்புவதில்லை. விதிவிலக்கு, அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட்டின் ராபின்சன்ஸ் ஆலையோடு சேர்ந்து 2013இல் கொண்டுவந்த ட்ரூப்பர்: 4.7 சதவீதம், கூச்சலில்லாத ஆங்கிலேய ஏல்.

உங்கள் ஊரில் மைல்ட் எளிதில் கிடைக்காது. உள்ளூர் மைக்ரோப்ரூவரியில் டங்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து சதவீதத்தை ஒட்டிய, மால்ட் இனிப்புள்ள, அடர்பழுப்பு நிற ஜெர்மானிய லாகர் பீர் அது. சபாத்தை மறுபடி வையுங்கள். தொடக்கத்தில் மழையும் தேவாலய மணியும் மட்டும் சிறிது நேரம் கேட்கும். ஊற்றி முடிக்க அந்த அவகாசம் போதும்.