எம்.எஸ்சி. வானியல்: அரசுப் பல்கலைக்கழகத்தில் வழி உண்டா?

கேள்வி: அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். எம்.எஸ்சி. வானியல் படிப்பது என் நெடுநாள் ஆசை. தனியார் நிறுவனங்களின் கட்டணம் எங்கள் குடும்பத்திற்குக் கட்டுப்படியாகாது. அரசுப் பல்கலைக்கழகத்தில் வழி உண்டா? வேலை கிடைக்காது என்று அப்பா தயங்குகிறார்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: வழி உண்டு. ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகம் வானியலுக்கெனத் தனித் துறையை 1959 முதல் நடத்திவருகிறது. நவாப் ஜாபர் ஜங் 1901இல் தொடங்கிய நிஜாமியா வான்காணகம் பின்னாளில் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்ததே அத்துறைக்கு வித்து. நகருக்கு வெளியே ரங்காபூரில் 48 அங்குலத் தொலைநோக்கியும் நிறுவப்பட்டது. ஆனால் பழம்பெருமையை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். தொலைநோக்கிப் பயிற்சி இப்போது எங்கே, எத்தனை இரவுகள் தரப்படுகிறது என்று அங்கே படிக்கும் மாணவர்களிடமே கேளுங்கள். ஒரு விண்மீனின் தரவைத் தாமே கணினியில் சீர்செய்து, அதன் ஒளி மாற்றத்தை ஒருமுறையேனும் வரைந்து பார்க்காதவருக்கு வானியல் கல்வி முழுமையாகாது என்பது என் உறுதியான கருத்து. ஐ.ஐ.டி. இந்தூரிலும் எம்.எஸ்சி. வானியல் உண்டு, அதற்கு ஜாம் (JAM) என்ற தேசிய அளவிலான முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அப்பாவின் தயக்கம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வாகிய நெட் தேர்வில் வானியலுக்குத் தனித் தாள் கிடையாது. இயற்பியல் அறிவியல் தாளைத்தான் எழுத வேண்டும். முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதற்கான ஜெஸ்ட் தேர்விலும் குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல் ஆகியவையே பெரும்பகுதி. ஆகவே நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டும், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்திலோ புனேயில் உள்ள ஐயூக்கா (IUCAA) வானியல் ஆய்வு மையத்திலோ ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆசிரியர் பணியும் வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் இருந்தால், நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன். வானியல் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பதானால், அது ஆசிரியர் பணிக்கு இயற்பியலுக்கு இணையானதாக ஏற்கப்படுகிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்து வடிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டமானாலும் பைத்தான் நிரலாக்கத்தை இன்றே தொடங்குங்கள். ஆய்வு நிறுவனங்கள் நடத்தும் கோடைக்காலப் பயிற்சிகளின் அறிவிப்பையும் தவறவிடாதீர்கள். பாடநூலில் கிடைக்காத வழிகாட்டிகள் அங்கேதான் கிடைப்பார்கள்.

இன்னொன்று. வாணியம்பாடிக்கு அருகிலுள்ள காவலூர் வைணு பாப்பு வான்காணகத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளை விசாரித்து, அப்பாவை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். இந்தப் படிப்பைப் படித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை அங்கிருப்பவர்களிடம் அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.