ஒழுகும் பெட்ரோல் டேங்க்: பழுது பார்த்தவரிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: என் தந்தை வைத்திருந்த பழைய மோட்டார் சைக்கிளை இப்போது நான் ஓட்டுகிறேன். பெட்ரோல் டேங்கின் அடியில், இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில் கசிவு இருந்ததால் ஒரு பட்டறையில் கொடுத்தேன். துருவை எடுத்து, ஓட்டையைப் பற்றவைத்து, உள்ளே ரசாயனப் பூச்சும் கொடுத்துவிட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்றே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஒழுகியது. பெயின்டும் கொப்பளித்து உரிந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோகும்வரை வண்டியை வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான் நிறுத்தியிருந்தேன். திரும்பக் கொண்டுபோய் விட்டால், "டேங்க் பழசு, நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள். இரண்டாவது முறை பார்த்த கூலியையும் கட்டினால்தான் வண்டியாம். பில்லின் அடியில் "செய்த வேலைக்கு உத்தரவாதம் இல்லை" என்று அச்சிட்டிருக்கிறது. புது டேங்க் வாங்கும் செலவை அவர்களிடம் கேட்கலாமா? போலீசுக்குப் போகலாமா? மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது.

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. மாற்றுச் சாவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். தன் வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு வருவது எப்படிக் குற்றமாகும் என்று தோன்றும். ஆனால் திருட்டுக்கு இலக்கணம் சொல்லும் பிரிவிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 378ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு. கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தவர் கூலி பாக்கி வைத்திருக்கிறார். கடைக்காரர் அந்தப் பாக்கிக்காகக் கடிகாரத்தைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறார். அந்தப் பிடிமானத்தை இல்லாமல் ஆக்கும் எண்ணத்தோடு உரிமையாளர் கடிகாரத்தை எடுத்துச் சென்றால் அது திருட்டு. பாக்கியே இல்லையென்றால் திருட்டு அல்ல என்றும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் பாக்கி இருக்கிறதா இல்லையா என்பதுதானே சண்டையே? அதை இரவில் சாவி போட்டுத் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

பட்டறைக்காரருக்கு அந்தப் பிடித்துவைக்கும் உரிமையைத் தருவது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு. பொருளை எதற்காக ஒப்படைத்தோமோ அந்த வேலையைச் செய்து முடித்தவர், அதற்கு நியாயமாகச் சேரவேண்டிய கூலி கிடைக்கும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம். அவருடைய பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. ஒப்படைத்தது கசிவை நிறுத்த. கசிவு நிற்கவில்லை. தான் செய்த வேலையில் இருந்த குறையைத் தானே சரிசெய்ய முயன்றதற்குத் தனிக் கூலி என்றால், அது "சேரவேண்டிய கூலி" ஆகாது என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனாலும் வாதம் முடிய மாதங்கள் ஆகும். வண்டி அதுவரை அங்கே நிற்கும். அந்தத் தொகை உங்களால் தாங்கக் கூடியதென்றால், "ஆட்சேபணையோடு செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று ஒரு தாளில் எழுதி, கைப்பேசியிலும் அதையே செய்தியாக அனுப்பிவிட்டு, பணத்தைக் கட்டி வண்டியை மீட்டுவிடுங்கள். கட்டியதை நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுக்கும் மனுவில் சேர்த்துக் கேட்கலாம். போலீசுக்குப் போனால், இது சிவில் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை.

இனி முக்கியமான கேள்வி. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர், நடந்தது சேவை. அதில் குறைபாடு இருந்ததா? கசிவு திரும்ப வந்தது என்பது மட்டுமே குறைபாடு ஆகிவிடாது. மருத்துவரிடம் போனவர் எல்லோரும் குணமாகித் திரும்புவதில்லை அல்லவா, அதே கதைதான். மெக்கானிக் தன் தொழிலுக்குரிய திறமையையும் கவனத்தையும் காட்டினாரா என்றுதான் ஆணையம் பார்க்கும்.

டேங்க் எப்படி ஓட்டையாகிறது என்பது தெரிந்தால் வழக்கு எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானது. அடியில் போய்த் தங்கும். விளிம்பை உள்ளிருந்தே துரு தின்கிறது. வெளியே ஓர் ஊசித்துளை தெரியும்போது அதைச் சுற்றியுள்ள தகடு ஏற்கெனவே காகிதம்போல் ஆகியிருக்கும். அந்தத் துளையில் மட்டும் பற்றவைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். துரு முழுவதும் போகாமல், உள்ளே நன்றாகக் காயாமல் பூச்சு ஊற்றினால் அது தகட்டைப் பிடிக்காது. இது தொழிலில் உள்ளவருக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் வலுவான வாதம், "இந்த டேங்க் தாங்காது, மாற்றிவிடுங்கள் என்று முதல் நாளே எனக்குச் சொல்லவில்லை" என்பதுதான். "டேங்க் பழசு" என்று இன்று சொல்லும் பதில், பணம் வாங்குவதற்கு முன்பு சொல்லியிருந்தால் அவருக்கு நல்ல கவசமாக இருந்திருக்கும்.

இன்னொரு பதிலையும் எதிர்பாருங்கள்: "எத்தனால் கலந்த பெட்ரோல் பூச்சைக் கரைத்துவிட்டது." இதில் உண்மை இல்லாமல் இல்லை, பழைய வகைப் பூச்சுகள் சில எத்தனாலைத் தாங்குவதில்லை. ஆனால் இன்று விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பது ஊரறிந்த செய்தி. அதைத் தாங்கும் பூச்சைத் தேர்ந்தெடுப்பது பூசுகிறவரின் வேலை, உங்களுடையது அல்ல.

பில்லில் அச்சிட்ட வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1998இல் டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியில், நிறுத்துவதற்காக ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருடு போனது. "உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை விடுதி காட்டியது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கான பொறுப்பை அப்படி ஒரு வாசகத்தால் கழற்றிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. அது பழுது வேலை பற்றிய வழக்கு அல்ல. என்றாலும் பொருளை நம்பி ஒப்படைத்தவருக்கு அந்தத் தர்க்கம் பொருந்தும் என்று வாதிடலாம்.

ஆதாரம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிது. சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு வழக்கில் என் கட்சிக்காரர், கழற்றிய டேங்கைப் பழைய வேட்டியில் சுற்றி ஆணையத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தார். பல மாதம் காய்ந்த காலி டேங்க். மூடியைத் திறந்து சாய்த்ததும் மஞ்சள் நிறத்தில் வெங்காயத் தோல்போல உரிந்த பூச்சு மேசையில் கொட்டியது; ஒவ்வொரு சுருளின் அடியிலும் செம்மண் நிறத்தில் துரு. துருவின் மேலேயே பூசியிருக்கிறார்கள் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த வாதத்தில் பாதியைச் சொல்லவே இல்லை. எனவே புது டேங்க் மாட்டினாலும் பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வேறு யாரிடமும் அதைத் திறந்து வேலை செய்யக் கொடுக்காதீர்கள். தேதியோடு படம் எடுங்கள். தொடர்பில்லாத இன்னொரு மெக்கானிக்கிடம், எங்கே கசிகிறது, தகடு எந்த நிலையில் இருக்கிறது, முன்பு செய்த வேலை எப்படி இருக்கிறது என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். கைப்பேசிச் செய்திகளை அழிக்க வேண்டாம்.

புது டேங்க் செலவு? முழுவதும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் டேங்க் பட்டறைக்குப் போகும்போதே ஓட்டை. அதைப் புதிதாக்கித் தரும் கடமை அவருக்கு இல்லை. பற்றவைத்த சூட்டில் நல்லாயிருந்த இடமும் கெட்டது என்று அந்த இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்தால் மட்டும் கேளுங்கள். மற்றபடி கட்டிய கூலி, பெயின்ட் சேதம், அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு என்று கேட்டால் மனு கையடக்கமாகவும் நம்பும்படியாகவும் இருக்கும். பெரிய தொகை கேட்டு மனுவைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போக வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலும் நடத்தலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பாருங்கள். சில பட்டறைகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவதுண்டு.

கடைசியாக, அந்த மாடிப்படி. எரியக்கூடிய பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் ஆபத்தைத் தடுக்கத் தேவையான கவனம் எடுக்காவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 287ஆவது பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை உண்டு. கசிகிறது என்று தெரிந்தே நிறுத்தியவர் நீங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். வண்டி கைக்கு வந்ததும் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். பட்டறை வாசலிலேயே, திறந்த வெளியில், அவர்களை வைத்தே பெட்ரோலை வடிக்கச் சொல்லி, காலி டேங்கோடு வேறு வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.